ஏர் ஃப்ரையரில் சோளக்கதிர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சமையற்கட்டுக் கருவிகளைப் பற்றி வாசகர்கள் அனுப்பும் கேள்விகளுக்கு இந்தப் பகுதியில் தொடர்ந்து பதிலளித்து வருகிறோம். இம்முறை வடசென்னை வாசகர்கள் எழுதிய கடிதங்களில் பல ஒரே பொருளைச் சுற்றி அமைந்திருந்தன. பச்சைச் சோளக்கதிரை ஏர் ஃப்ரையரில் சமைப்பது எப்படி, அது ஏன் சில வேளைகளில் நன்றாக வருகிறது, சில வேளைகளில் வறண்டுபோகிறது என்பதே அந்தப் பொருள். ஆகவே இந்த இதழின் பக்கங்களை முழுவதும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: புதுமனை புகுவிழாவுக்கு என் நாத்தனார் 4 லிட்டர் ஏர் ஃப்ரையர் ஒன்றை வாங்கிக் கொடுத்தார். அதில் ஸ்வீட் கார்ன் கதிர்களை எண்ணெய் தடவாமல் 200 டிகிரியில் 20 நிமிடம் வைத்தேன். மணிகளெல்லாம் சுருங்கிப்போய், தோல் பல்லில் ஒட்டிக்கொண்டது. வீட்டில் ஒருவரும் முழுதாகச் சாப்பிடவில்லை. எதை மாற்ற வேண்டும்?
– ராயபுரம் வாசகி

பதில்: நேரத்தையும் எண்ணெயையும் மாற்றினால் போதும், அம்மா. காரணத்தைப் புரிந்துகொண்டால் அடுத்த முறை கையேட்டைப் பார்க்க வேண்டிய தேவையே இராது.

2010ஆம் ஆண்டு பெர்லினில் நடந்த மின்சாதனக் கண்காட்சியில் பிலிப்ஸ் நிறுவனம் இக்கருவியை அறிமுகப்படுத்திய காலந்தொட்டு இதன் அடிப்படை அமைப்பு மாறவில்லை. மேலே சூடேறும் கம்பிச்சுருள், அதையொட்டி வேகமாகச் சுழலும் விசிறி, கீழே துளைகள் உள்ள கூடை, அவ்வளவுதான். சூடான காற்று உணவின் எல்லாப் பக்கங்களிலும் வேகமாக வீசிக்கொண்டே இருப்பதால் மேற்பரப்பில் உள்ள ஈரம் விரைவாக ஆவியாகிவிடுகிறது. உருளைக்கிழங்கு வறுவலுக்கு இது மிகவும் நல்லது. ஆனால் ஸ்வீட் கார்ன் மணியில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர்தான் இருக்கிறது, கடித்தவுடன் வாயில் தெறிக்கும் அந்தச் சாறுதான் அதன் சுவையே. அந்தத் தண்ணீரை 20 நிமிடம் வறண்ட காற்றில் விட்டால் உள்ளிருப்பது வற்றி, மேல்தோல் மட்டும் மிஞ்சும். உங்கள் வீட்டில் நடந்தது இதுதான். ஏர் ஃப்ரையரில் சோளம் வைப்பவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியது, இது ஈரத்தை எடுக்கும் கருவி என்பதும், சோளத்தின் ஈரத்தைக் காப்பது சமைப்பவர் பொறுப்பு என்பதும்தான்.

செய்முறை இது. கதிரின் தோகையை உரித்து, மணிகளுக்கிடையே ஒட்டியிருக்கும் முடியை ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். ஒவ்வொரு மணியிலிருந்தும் ஒரு முடி கிளம்பித்தான் கதிரின் நுனிக்கு வருகிறது என்பதால் எவ்வளவு எடுத்தாலும் சில மிஞ்சத்தான் செய்யும். மென்மையான புதுப் பல்துலக்கி ஒன்றை இதற்கென்றே வைத்துக்கொண்டால் வேலை எளிதாகும். மிஞ்சிய முடி சூட்டில் கருகினால் மயிர் பொசுங்கிய வாடை கதிர் முழுவதும் ஏறிவிடும் என்பதால் இந்த வேலையில் அவசரப்பட வேண்டாம். பிறகு கதிரைக் கழுவி, மேலே உள்ள தண்ணீரை ஒற்றியெடுத்து, இரண்டாக உடைத்துக்கொள்ளுங்கள். 4 லிட்டர் கூடையில் இரண்டு கதிர்களின் நான்கு துண்டுகள் இடைவெளியோடு கிடக்கும். மூன்றாவது கதிரை மேலே அடுக்கினால் அடியில் இருப்பது வேகாது.

ஒரு கதிருக்கு அரை தேக்கரண்டி எண்ணெய் எடுத்துக் கையால் எல்லா மணிகளின் மேலும் படும்படி தேயுங்கள். கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் இரண்டுமே பொருந்தும். இந்த மெல்லிய எண்ணெய்ப் படலம் ஈரம் வெளியேறுவதை மட்டுப்படுத்துவதோடு, சூட்டையும் மணியின் தோல் முழுவதும் சமமாகப் பரப்புகிறது. அங்கங்கே பொன்னிறப் புள்ளிகள் விழுவதும் இதனால்தான். கருவியை 3 நிமிடம் வெறுமையாகச் சூடேற்றி, 200 டிகிரியில் 10 முதல் 12 நிமிடம் வைத்து, 6ஆவது நிமிடத்தில் ஒரு முறை திருப்பிவிடுங்கள். வெந்ததா என்று பார்க்க நடுவிலுள்ள ஒரு மணியைக் கத்தி முனையால் குத்துங்கள்: பச்சைப்பால் வடியாமல் உள்ளே இறுகியிருந்து, மணியின் நிறம் வெளிர் மஞ்சளிலிருந்து ஆழ்ந்த மஞ்சளாக மாறியிருந்தால் எடுத்துவிடலாம். எடுத்த பின்னும் உள்ளிருக்கும் சூட்டில் சிறிது வேகும் என்பதால், முழுதாக வெந்துவிட்டது என்று தோன்றுவதற்கு ஒரு நிமிடம் முன்பே நிறுத்துவது நல்லது. 15 நிமிடத்தைத் தாண்ட வேண்டிய தேவை தோகை உரித்த ஸ்வீட் கார்னுக்கு ஒருபோதும் இல்லை.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை சந்தையில் வாங்கிய கதிரை வியாழக்கிழமை சமைத்தேன். நீங்கள் சொல்லும் முறையில்தான் செய்தேன். வேக்காடு சரியாகவே இருந்தது. ஆனால் இனிப்பே இல்லை, மாவு மாவாக இருந்தது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?
– தண்டையார்பேட்டை வாசகர்

பதில்: கடைக்காரர் மேல் குற்றம் சொல்வதற்கில்லை, ஐயா. நாட்கள்தாம் இனிப்பை எடுத்துக்கொண்டன.

சோளக்கதிரைச் செடியிலிருந்து ஒடித்த பின்பும் மணிக்குள் வேலை நின்றுவிடுவதில்லை. அதிலுள்ள சர்க்கரை தொடர்ந்து மாவுச்சத்தாக மாறிக்கொண்டே இருக்கும். பழைய வகை இனிப்புச் சோளம் 30 டிகிரி வெப்பத்தில் ஒரே நாளில் தன் சர்க்கரையில் ஏறக்குறைய 60 சதவிகிதத்தை இழந்துவிடும். அதையே உறைநிலையை ஒட்டிக் குளிரில் வைத்தால் அந்த இழப்பு 6 சதவிகித அளவில் நின்றுவிடுகிறது. நம் ஊரில் மார்கழி தவிர மற்ற மாதங்களில் பகலில் 30 டிகிரி என்பது நிழலிலேயே கிடைக்கும் வெப்பம் என்பதை எண்ணிப் பாருங்கள். 1950களில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் லாக்னன் என்ற தாவர மரபியலாளர், காய்ந்தால் மணி சுருங்கிப்போகும் ஒரு மரபுக்கூற்றைக் கொண்ட சோளத்தில் சர்க்கரை மிக அதிகமாக இருப்பதையும், அது மாவாக மாறுவது மெதுவாக நடப்பதையும் கவனித்தார். இன்று பல நாடுகளிலும் விளைவிக்கப்படும் மிகு இனிப்பு வகைகள் அந்தக் கவனிப்பிலிருந்து கிளைத்தவை. தொலைதூரம் லாரியில் வந்தும் ஸ்வீட் கார்ன் இனிப்பாக இருக்கிறதென்றால் அதற்கு இந்த வகைகள்தாம் காரணம். இருந்தாலும் நான்கு நாட்கள் கூடத்து மூலையில் கூடையில் கிடந்தால் எந்த வகையும் தாங்காது.

வடசென்னைக்காரர்களுக்கு இதில் ஒரு கூடுதல் கவலையும் உண்டு. மொத்தக் காய்கறி வாணிகம் கொத்தவால் சாவடியில் இருந்த நாட்களில் தண்டையார்பேட்டைக்கும் ராயபுரத்துக்கும் சரக்கு கூப்பிடு தூரத்திலிருந்து வந்தது. 1996இல் சந்தை கோயம்பேட்டுக்கு மாறிய பின் கதிர் ஊரைக் கடந்து வடக்கே வர வேண்டியிருக்கிறது. ஆகையால் எந்தக் கடையில் வாங்குகிறோம் என்பதைவிட, காலையில் சரக்கு இறங்கிய நேரத்தில் வாங்குகிறோமா, மாலையில் வெயில் காய்ந்த கதிரை வாங்குகிறோமா என்பதுதான் முக்கியம்.

கதிரைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் காம்பின் வெட்டுவாயைப் பாருங்கள். அது வெளிர் பச்சையாகவும் ஈரமாகவும் இருந்தால் கதிர் ஒடித்து அதிக நேரம் ஆகவில்லை. பழுப்பேறிக் காய்ந்திருந்தால் நாளாகிவிட்டது. தோகை பச்சையாக, கதிரோடு ஒட்டிக் கிடக்க வேண்டும். நுனியில் தொங்கும் முடி பழுப்பு நிறமாக இருப்பது மணி பதமாக விளைந்ததற்கு அடையாளம், அது நல்லதுதான். ஆனால் அது கறுத்து வழவழப்பாக இருக்கக் கூடாது. தோகைக்கு மேலாகவே விரலால் அழுத்திப் பார்த்தால் மணிகள் நுனிவரை நிறைந்திருக்கின்றனவா என்று தெரிந்துவிடும். தோகையை உரித்துப் பார்த்துவிட்டு வாங்காமல் போட்டுவிட்டு வருவது கடைக்காரருக்கும் நட்டம், அடுத்து வாங்குபவருக்கும் நட்டம், ஏனென்றால் உரித்த கதிர் மிக விரைவில் வாடும். வாங்கிய கதிரில் ஒரு மணியை நகத்தால் கீறிப் பார்க்கலாம்: தண்ணீராக வந்தால் பிஞ்சு, பாலாக வந்தால் பதம், பிசைந்த மாவாக வந்தால் முற்றல். முற்றலை ஏர் ஃப்ரையருக்கு எடுக்க வேண்டாம். அதைக் குக்கருக்கு அனுப்புங்கள்.

அன்றே சமைக்க முடியாவிட்டால் தோகையோடு ஒரு பையில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்து, இரண்டு நாட்களுக்குள் எடுத்துவிடுங்கள். சூப்பர் மார்க்கெட்டில் உரித்து நெகிழித்தாள் சுற்றி வைத்திருக்கும் கதிர்களில், மணிகளின் தலையில் குழி விழுந்திருந்தால் வாங்காமல் விடுவதே மேல்.

கேள்வி: எங்கள் பக்கம் கடற்கரையில் தள்ளுவண்டியில் கரியில் சுட்டுக் கொடுக்கும் நாட்டுச் சோளத்தின் ருசி ஏர் ஃப்ரையரில் வருமா? ஒரு முறை முயன்றேன், கல்லாகிவிட்டது.
– திருவொற்றியூர் வாசகி

பதில்: அந்த ருசி அப்படியே வராது, அம்மா. வரும் என்று சொல்லி உங்களை மீண்டும் ஏமாற்ற விருப்பமில்லை. ஆனால் அதற்கு அருகில் போக ஒரு வழி இருக்கிறது.

வண்டிக்காரர் செய்வதைச் சற்று நெருங்கி நின்று பாருங்கள். தோகையைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டு, கதிரைக் கனலின் மேலேயே கிடத்தி, ஒரு கையால் விசிறிக்கொண்டு, மறு கையால் கால் சுற்று கால் சுற்றாக உருட்டிக்கொண்டே இருப்பார். நன்கு கனிந்த கரியின் மேற்பரப்பு 500 டிகிரிக்கும் மேலான வெப்பத்தில் இருக்கும். அந்த அனல் நேராகத் தாக்குவதால், மணியின் உச்சி சில நொடிகளில் கறுக்கும்போதே உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற நேரமில்லாமல் ஆவியாகி மணியை வேகவைத்துவிடுகிறது. அதோடு தீயில் பொசுங்கும் தோகையின் புகையும் கதிரில் படிகிறது. நம் கருவியோ பெரும்பாலும் 200 டிகிரியோடு நின்றுவிடுவது. அதில் புகையும் இல்லை, நேரடி அனலும் இல்லை. மணியின் தோல் ஈரமாக இருக்கும்வரை அதன் வெப்பம் 100 டிகிரியைச் சுற்றித்தான் இருக்கும், 140 டிகிரியைத் தாண்டினால்தான் நன்றாகச் சிவக்கத் தொடங்கும். அந்த நிலை வருவதற்குள் உள்ளீரம் போய்விடுகிறது.

நாட்டுச் சோளத்தில் இந்தச் சிக்கல் இரட்டிப்பாகிறது. அதில் சர்க்கரை குறைவு, மாவு அதிகம். மாவு வேக வேண்டுமானால் அதற்குத் தண்ணீர் வேண்டும். வறண்ட காற்றில் அது வேகாமல் காய்ந்து இறுகும். நீங்கள் சொன்ன கல் இதுதான். ஆகவே நாட்டுச் சோளத்தை முதலில் குக்கரில், கதிர் பாதி முழுகும் அளவு தண்ணீரும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டு 4 விசில் வைத்து, ஆவி தானாக அடங்கிய பின் எடுங்கள். ஈரத்தைத் துடைத்து, எண்ணெய் தேய்த்து, 200 டிகிரியில் 6 நிமிடம் ஏர் ஃப்ரையரில் வைத்தால் மேல்தோல் மொறுமொறுப்படையும். இறுதியாக, அப்பளம் சுடும் கம்பி வலையை அடுப்பின் மேல் வைத்து, நடுத்தரத் தீயில் ஒரு நிமிடம் உருட்டிக் காட்டினால் அங்கங்கே கருகல் புள்ளி விழும். அந்தக் கருகலின் மணம்தான் கடற்கரையை நினைவூட்டுவது. அதை ஏர் ஃப்ரையரிடம் எதிர்பார்க்காமல் தீயிடமே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பிறகு எலுமிச்சை. அரை மூடியை, கல்லுப்பும் மிளகாய்த்தூளும் கலந்த தட்டில் அழுத்தி எடுத்து, கதிரின் அடியிலிருந்து நுனிவரை அழுத்தித் தேய்க்க வேண்டும். கதிர் சுடச்சுட இருக்கும்போதே செய்தால் சாறு மணிகளின் இடுக்கில் இறங்கும், உப்பும் காரமும் எல்லா வரிசைக்கும் சமமாகப் போகும். இந்த ஒன்றில் வண்டிக்காரர்களின் முறையை மிஞ்ச வேறு முறை இல்லை.

கேள்வி: தோகையோடு அப்படியே வைத்தால் ஈரம் போகாது என்கிறார்களே?
– வியாசர்பாடி வாசகர்

பதில்: ஈரம் போகாது என்பது உண்மை. ஆனால் உள்ளே விசிறி சுழல்கிறது என்பதையும் அந்த நண்பர்கள் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். தளர்ந்து நிற்கும் காய்ந்த தோகையோ முடியோ காற்றில் எழும்பி மேலே உள்ள கம்பிச்சுருளில் பட்டால் புகையும், தீயும் பிடிக்கும். அப்படியும் செய்ய விரும்பினால் வெளித்தோகைகளை நீக்கி, உட்தோகை இரண்டு மூன்றை மட்டும் விட்டு, நுனி முடியைக் கத்தரித்து, 20 நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து, தோகையின் முனைகளைக் கதிருக்கு அடியில் மடித்துச் செருகி, 190 டிகிரியில் 18 முதல் 20 நிமிடம், பக்கத்திலேயே நின்று கவனித்தபடி வையுங்கள். கிடைப்பது ஆவியில் வெந்த கதிர்தான், பொன்னிறம் வராது. அதற்கு இட்லிப் பானையே போதும் என்பது என் கருத்து.

கேள்வி: உள்ளே பட் பட் என்று வெடிக்கும் சத்தம் கேட்டது. பயந்து நிறுத்திவிட்டேன். பாப்கார்ன் போல வெடிக்குமா?
– கொடுங்கையூர் வாசகி

பதில்: பயப்பட வேண்டாம். பாப்கார்னுக்கான சோளம் வேறு வகை. நன்கு காய்ந்து, உள்ளே 14 சதவிகித அளவுக்கு மட்டும் ஈரம் வைத்திருக்கும் அதன் கெட்டியான தோல், 180 டிகிரி அளவில் அழுத்தம் தாங்காமல் ஒரேயடியாக வெடிக்கிறது. பச்சைக் கதிரின் மெல்லிய தோல் அவ்வளவு அழுத்தத்தைத் தாங்கி நிற்காது; உள்ளே ஆவி சேர்ந்ததும் சிறிதாகக் கீறிக்கொள்ளும். நீங்கள் கேட்டது அந்தச் சத்தம்தான். ஆனால் சத்தம் அடிக்கடி கேட்கத் தொடங்கினால் மணிகள் வற்றத் தொடங்கிவிட்டன என்று பொருள், அப்போது எடுத்துவிடுங்கள்.

கேள்வி: எங்களுடையது பழைய வீடு. சமையலறை குறுகலானது, அதில் சிறிய பிளக் பாயின்ட்தான் இருக்கிறது. ஏர் ஃப்ரையரின் பெரிய பிளக்குக்கு ஒரு மாற்றுப் பிளக் வாங்கிச் செருகிப் பயன்படுத்துகிறோம். அது சூடாகிறது. பரவாயில்லையா? மின்கட்டணமும் ஏறுமா?
– பழைய வண்ணாரப்பேட்டை வாசகி

பதில்: பரவாயில்லை என்று சொல்ல முடியாது, அம்மா. இன்றே நிறுத்திவிடுங்கள். கருவியின் அடியில் எத்தனை வாட் என்று எழுதியிருக்கும்; அதை 230ஆல் வகுத்தால் அது இழுக்கும் ஆம்பியர் கிடைக்கும். 1500 வாட் என்றால் ஆறரை ஆம்பியர். சிறிய பிளக் பாயின்ட் 6 ஆம்பியருக்காகச் செய்யப்பட்டது. கணக்கில் வித்தியாசம் சிறிது போலத் தோன்றினாலும், பழைய வீட்டில் பிளக்கின் உள் தகடுகள் தளர்ந்திருக்கும், கம்பியும் மெல்லியதாக இருக்கும். தொடர்ந்து கால்மணி நேரம் ஓடும்போது அந்தத் தளர்ந்த இடம்தான் சூடேறி உருகுகிறது. நீங்கள் தொட்டு உணர்ந்த சூடு அதன் தொடக்கம். உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு 16 ஆம்பியர் பவர் பிளக் ஒன்றைத் தனிக் கம்பியில், எர்த் இணைப்போடு போட்டுக்கொள்ளுங்கள். வாடகை வீடென்றால் வீட்டு உரிமையாளரிடம் இதைக் கேட்க உங்களுக்கு முழு நியாயமும் உண்டு. நீட்டிப்புப் பலகையில் ஃபிரிட்ஜோடும் மிக்சியோடும் சேர்த்துச் செருகுவதும் கூடாது.

குறுகிய சமையலறையில் கருவியைச் சுவரோடு ஒட்டி வைக்காமல், பின்புறம் நான்கைந்து அங்குல இடைவெளி விடுங்கள். சூடான காற்று வெளியேறும் வழி அங்கேதான் இருக்கிறது. மேலே பிளாஸ்டிக் டப்பாக்கள் அடுக்கிய பலகைக்குக் கீழே வைக்கக் கூடாது, கேஸ் அடுப்புக்குப் பக்கத்திலும் வேண்டாம்.

கட்டணத்தைப் பொறுத்தவரை, 1500 வாட் கருவி 15 நிமிடம் முழுவீச்சில் ஓடினால்கூட 0.375 யூனிட்தான் ஆகும். வீட்டு இணைப்புகளுக்குக் குறிப்பிட்ட அளவு மின்சாரம் இலவசமாகக் கிடைக்கும் நம் மாநிலத்தில் இரண்டு கதிர்களுக்காக அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் ஆறேழு பேர் உள்ள குடும்பத்துக்கு இரண்டிரண்டு கதிராக மூன்று நான்கு முறை ஓட்டுவதைவிட, எல்லாவற்றையும் குக்கரில் ஒரே முறை அவித்துக்கொள்வதுதான் நேரத்துக்கும் செலவுக்கும் ஏற்றது.

கேள்வி: மிளகாய்த்தூளும் வெண்ணெயும் தடவி உள்ளே வைத்தேன். வீடெல்லாம் இருமல், வெண்ணெய் கருகிக் கசந்தது. மசாலாவை எப்போது சேர்க்க வேண்டும்? எலுமிச்சை, மிளகாய் அல்லாமல் வேறு என்ன சேர்க்கலாம்?
– பெரம்பூர் வாசகி

பதில்: உப்பும் எண்ணெயும் மட்டும் முதலில்; மற்றவை எல்லாம் கதிர் வெளியே வந்த பின். உலர்ந்த மிளகாய்த்தூள் அந்தக் காற்றில் பறந்து கம்பிச்சுருளில் படும், படும் இடத்தில் கருகும். அந்தக் காற்று வெளியேறி வீட்டுக்குள்தான் வருகிறது. வெண்ணெயிலுள்ள பால்சத்து 200 டிகிரியைத் தாங்காது. நெய்யில் அந்தப் பால்சத்து நீக்கப்பட்டிருப்பதால் அது தாங்கும். ஆகவே வெண்ணெய்ச் சுவை வேண்டுமானால் நெய்யைத் தடவி உள்ளே வைத்து, எடுத்த பின் ஒரு துண்டு வெண்ணெயை மேலே உருட்டுங்கள்.

என்ன சேர்க்கலாம் என்ற கேள்விக்கு வடசென்னையிலேயே விடைகள் நிறைய இருக்கின்றன. முதலாவது, ஒவ்வொரு வீட்டிலும் இருக்கும் இட்லிப்பொடி: நல்லெண்ணெயில் குழைத்துச் சூடான கதிரில் பூசினால், பருப்பின் வறுத்த மணமும் சோளத்தின் இனிப்பும் மிக நன்றாகச் சேரும். சௌகார்பேட்டைப் பக்கம் போகிறவர்கள் அங்கு கிடைக்கும் சாட் மசாலாவையும் கறுப்பு உப்பையும் கொஞ்சம் வாங்கி வைத்துக்கொள்ளலாம். எலுமிச்சையோடு அது நாட்டுச் சோளத்துக்கு மிகப் பொருத்தம்.

எனக்கு மிகப் பிடித்தது மூன்றாவது. 1960களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் வியாசர்பாடியிலும் பிற இடங்களிலும் குடியமர்ந்தபோது அவர்களோடு வந்த அத்தோ என்னும் பர்மிய நூடுல்ஸ், இன்று கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள கடைகளின் அடையாளமாக இருக்கிறது. அந்தக் கடைகளில் நூடுல்ஸோடு கலக்கும் பூண்டெண்ணெய், புளித்தண்ணீர், இடித்த வறுமிளகாய், பொரித்த வெங்காயம் ஆகிய நான்கும் சோளத்துக்கும் அப்படியே பொருந்தும். நான்கு பல் பூண்டை மெல்லியதாக நறுக்கி, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயில் சிறுதீயில் பொன்னிறமாகும்வரை பொரியுங்கள். சிவக்கத் தொடங்கியதும் இறக்கிவிட வேண்டும், இல்லையேல் கசக்கும். அந்த எண்ணெயைக் கதிரில் தடவி, கெட்டியான புளிக்கரைசலில் சில துளிகள் தெளித்து, இடித்த மிளகாயையும் நொறுக்கிய பொரித்த வெங்காயத்தையும் தூவுங்கள். வெண்ணெயை விட்டுவிட்டதற்காக ஒருவரும் வருந்த மாட்டார்கள்.

கேள்வி: என் கணவருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. எண்ணெயில்லாமல் செய்வதால் சோளம் சாப்பிடலாம் என்கிறார்.
– எண்ணூர் வாசகி

பதில்: எண்ணெய்க்கும் இரத்தச் சர்க்கரைக்கும் இங்கு பெரிய தொடர்பில்லை, பார்க்க வேண்டியது மாவுச்சத்தையும் சர்க்கரையையும்தான். நடுத்தர அளவுள்ள ஒரு ஸ்வீட் கார்ன் கதிரில் உண்ணத்தக்க மணி 90 முதல் 100 கிராம் இருக்கும். அதில் ஏறக்குறைய 19 கிராம் மாவுப்பொருள் உண்டு, ஆறு கிராம் அளவுக்குச் சர்க்கரையும் அதில் அடக்கம். 70 கிராம் சோற்றில் இருக்கும் மாவுப்பொருளுக்கு இது ஏறத்தாழச் சமம். நார்ச்சத்து இருப்பதால் சோளம் சோற்றைப் போல வேகமாக இரத்தச் சர்க்கரையை ஏற்றுவதில்லை என்பது நல்ல செய்திதான். ஆனால் அதைக் காய்கறிக் கணக்கில் சேர்க்காமல் தானியக் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒரு கதிர் சாப்பிடும் வேளையில் அந்த அளவு சோற்றைக் குறைத்துவிடுவது, சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் ஒரு முறை சோதித்துப் பார்ப்பது, அந்த எண்ணை அவருடைய மருத்துவரிடம் காட்டுவது ஆகிய மூன்றும் செய்தால் போதும். வெறுங்கதிரைவிட, வேகவைத்த சுண்டலோடு அல்லது முட்டையோடு சேர்த்துச் சாப்பிடுவது அவருக்கு இன்னும் நல்லது.

கேள்வி: பல்செட் வைத்திருக்கும் என் அம்மாவுக்கு எப்படிக் கொடுப்பது?
– பெரம்பூர் வாசகர்

பதில்: கதிரை 10 நிமிடம் சமைத்து, கைச்சூட்டுக்கு ஆறிய பின் மணிகளை உதிர்த்துக் கொடுங்கள். கத்தியால் சீவினால் மணியின் பாதி தண்டோடு போய்விடும். கதிரில் மணிவரிசைகள் எப்போதும் இரட்டைப்படையில்தான் அமைந்திருக்கும். இணையாக உள்ள இரண்டு வரிசைகளை மட்டும் கத்தி முனையால் நெம்பி எடுத்துவிட்டால், அந்த இடைவெளியை நோக்கி அடுத்த வரிசையைக் கட்டைவிரலால் சாய்த்துக்கொண்டே வரலாம், மணி முழுதாகக் கழன்று வரும். தோல் அவருக்கு இடைஞ்சலாக இருந்தால் மிக்சியில் ஒரே சுற்றுச் சுற்றி, சிறிது பாலும் மிளகும் சேர்த்துச் சூடாகக் கொடுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் ஏர் ஃப்ரையரில் பெரும்பாலும் மீன்தான் வறுப்போம். அதே கூடையில் சோளம் வைத்தால் சோளத்தில் மீன் வாடை வருகிறது. கூடையை எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை.
– காசிமேடு வாசகி

பதில்: வாடை கூடையில் இல்லை, அம்மா, மேலே இருக்கிறது. வஞ்சிரமோ சங்கராவோ வறுக்கும்போது தெறிக்கும் எண்ணெய் காற்றோடு எழும்பிக் கம்பிச்சுருளின் மேலும் அதைச் சுற்றியுள்ள தகட்டிலும் படிந்துவிடுகிறது. அடுத்த முறை சூடேறும்போது அந்தப் படிவுதான் புகைந்து சோளத்தில் இறங்குகிறது. பிளக்கைக் கழற்றி, கருவி முழுவதும் ஆறிய பின், கூடையை வெளியே எடுத்துவிட்டுக் கருவியைப் பக்கவாட்டில் சாய்த்து, பாத்திரம் கழுவும் திரவம் கலந்த வெந்நீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் சுருளையும் தகட்டையும் மெதுவாகத் துடைத்தெடுங்கள். பிறகு வெறும் ஈரத்துணியால் இரண்டு முறை துடையுங்கள். தண்ணீரை உள்ளே ஊற்றவோ தெளிக்கவோ கூடாது. நன்றாக உலர்ந்த பிறகு 180 டிகிரியில் 5 நிமிடம் வெறுமையாக ஓட்டிவிடுங்கள். கூடையை இரும்பு நாரால் தேய்ப்பதை நிறுத்திவிடுங்கள். ஒட்டாப் பூச்சு போன இடத்தில் வாடையும் எண்ணெயும் இன்னும் அதிகமாகப் பிடிக்கும். மீன் வறுத்த அன்றே, கூடை இளஞ்சூடாக இருக்கும்போதே கழுவிவிட்டால் மென்பஞ்சு போதுமானது. ஒரே நாளில் இரண்டும் செய்ய வேண்டியிருந்தால் முதலில் சோளத்தை வைத்து எடுத்துவிட்டு, மீனைப் பிறகு வையுங்கள்.